பழங்கறியும் மெழுகுவர்த்தியும்



சென்ற இதழில் மாதுங்கா கடைத்தெருவின் வாழையிலை விலையைக் குறித்து நாம் எழுதியதைப் படித்துவிட்டு, "சோற்றை விட்டால் உமக்கு வேறு விஷயமே அகப்படாதா?" என்று செம்பூர் அன்பர் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். அகப்படாதுதான். இம்மாதமும் சோற்றைப் பற்றியே எழுதப் போகிறோம். ஆனால் இம்முறை இலை இல்லை, மெழுகுவர்த்தி உண்டு.

நமக்குத் திருமணம் ஆகிப் பத்து ஆண்டுகள் நிறைந்தன. அலுவலகத்தில் நம்முடன் பணியாற்றும் இளைஞர்கள் ஒன்றுகூடிப் பணம் சேர்த்து, பாந்திராவில் உள்ள ஓர் இத்தாலிய உணவகத்துக்கு 2,000 ரூபாய் பெறுமானமுள்ள பரிசுச் சீட்டு ஒன்றை வாங்கி நம் கையில் திணித்துவிட்டார்கள். காதலர்க்கு ஏற்ற இடம், நாட்டுப்புற எழில் வாய்ந்த இடம் என்று அச்சீட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. இந்த இரண்டு அடைமொழிகளும் நம்மைச் சற்றுக் கலங்க வைத்தன. காதலர் என்னும் பட்டியலில் நம்மைச் சேர்ப்பார்களா என்பது ஓர் ஐயம். நாட்டுப்புறத்தை விட்டுப் பிழைக்க வந்த குடும்பத்தார், அதே நாட்டுப்புறத்தைக் காணப் பணம் கொடுத்துப் போவதா என்பது மற்றோர் ஐயம்.

நம் இல்லம் தாராவியில் 90 அடிச் சாலைக்குப் பின்புறம் ஓர் அறை. மேலே பலகை போட்ட பரண். தந்தையார், தம்பி, நாம், நம் மனைவி, மகள், மகன் ஆக ஆறு பேர். நாம் இருவர் மட்டும் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து உண்டது இந்தப் பத்தாண்டுகளில் இல்லை. வெளியில் உண்ணாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மாதுங்கா நிலையத்தருகே மாடியில் 1942 முதல் நடந்துவரும் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் குடும்பத்தோடு இலைச் சாப்பாடு உண்டிருக்கிறோம். அங்கே சுவைக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் இடமில்லை. நம் இலையில் மோர் விழும்போதே அடுத்தவர் பசியோடு காத்திருப்பது நம் முதுகுக்குத் தெரியும். பசித்தவன் பின்னால் நிற்க, மனைவியிடம் என்ன பேசுவது?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளைத் தந்தையாரிடம் ஒப்படைத்துவிட்டு மாஹிம் நிலையத்துக்கு நடந்தோம். மாஹிமுக்கு அடுத்த நிலையம் பாந்திரா. இடையில் இருப்பது ஒரு கழிமுகம். அதைக் கடக்க மின்சார வண்டிக்குச் சில நிமிடங்கள் போதும். நமக்குப் பத்தாண்டு ஆகியிருக்கிறது.

உணவகத்தின் கதவைத் திறந்ததும் நம் மனைவி தயங்கி நின்றுவிட்டார். "என்னங்க, மின்சாரம் போய்விட்டதா?" என்றார். போகவில்லை. மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தியும் மூலைக்கு ஓர் அரிக்கேன் விளக்கும் வைத்து, வேண்டுமென்றே இருட்டாக்கியிருந்தார்கள். சுவர்கள் பூசாத செங்கல். மேசைகள் இழைக்காத மரம். உத்தரத்திலிருந்து பூண்டுச் சரங்கள் தொங்கின. ஒரு சுவரில் வண்டிச் சக்கரம் ஒன்றைச் சார்த்தியிருந்தார்கள். "இவ்வளவு பெரிய கடைக்காரர்க்குச் சுவர் பூசக் காசில்லாமலா போயிற்று?" என்று அவர் மெல்லக் கேட்டார். நமக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. தோல் பதனிடும் சாலையில் உழைத்த நம் தந்தையார், மூன்று தீபாவளிப் பணத்தைச் சேர்த்து வைத்து நம் அறையின் செங்கல்லைச் சாந்து பூசி மறைத்தார். பூசி முடித்த நாளில் தெருவையே அழைத்துக் காட்டினார். அவர் மறைத்த செங்கல்லை இங்கே தேடி எடுத்துத் துலக்கி வைத்திருக்கிறார்கள்.

இத்தாலியர் உணவு விடுதிகளுக்குப் பல பெயர் வைத்திருக்கிறார்கள். ரிஸ்தொராந்தே என்பது பெரிய இடம். த்ராத்தோரியா என்பது ஒரு குடும்பத்தார் எளிய முறையில் நடத்துவது, நம் ஊர்ப்பக்கத்து மெஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஒஸ்தேரியா என்பது முற்காலத்தில் திராட்சை மதுவை முதன்மையாக வைத்து, தொட்டுக்கொள்ள ஏதேனும் கொடுத்த இடம். நாம் போனது த்ராத்தோரியாவின் கோலத்தில் இருந்த ஒரு ரிஸ்தொராந்தே. விலைப்பட்டியலைப் பார்த்ததும் வேடம் கலைந்துவிட்டது.

இத்தாலி நமக்கு முற்றிலும் அந்நியமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் நாள்தோறும் கையெழுத்திடும் அலுவலகம் சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்தில் இருக்கிறது. ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் வரைந்து 1878 இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் கட்டிய அம்மாளிகை, இடைக்கால இத்தாலியக் கட்டடங்களை மாதிரியாகக் கொண்டது. 2004 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோதும் இதனைக் குறிப்பிட்டது. பிள்ளைகளுக்கு நாம் பிறந்தநாள் கேக் வாங்குகிற மாஞ்சினிஸ் என்ற பெயரும் கோட்டைப் பகுதியில் பேக்கரி நடத்திய இத்தாலியச் சகோதரர் இருவரின் குடும்பப் பெயரே. ஆகவே இத்தாலியின் நிழலில் கோப்பு எழுதி, இத்தாலியப் பெயரில் கேக் வெட்டி வந்த நாம், அன்றுதான் அதன் இலைக்கு முன் உட்கார்ந்தோம்.

பரிமாறும் இளைஞர் கட்வால் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர். நம்மைப் போலவே பிழைக்க வந்தவர். வெள்ளிக்கிழமை ஆதலால் சைவமாகவே வேண்டும் என்று இந்தியில் சொன்னோம். சைவ அன்பர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்வது நல்லது. பார்மிஜானோ என்னும் புகழ்பெற்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியை அதன் தாய்நாட்டு விதிப்படி செய்யும்போது, பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பார்கள். பெயரில் காய்கறி இருந்தாலும் மேலே தூவுவது எதுவென்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டோம். இளைஞர் உள்ளே போய் விசாரித்து வந்து, சைவ முறையில் உறைய வைத்த வேறு கட்டியைத் தூவச் செய்வதாகச் சொன்னார். முகம் சுளிக்கவில்லை. பட்டியலில் மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் சேர்த்த உரோம நகரத்துப் பண்டம் ஒன்றும் இருந்தது. அந்த மிளகு ஒரு காலத்தில் நம் மேலைக் கடற்கரையிலிருந்து கப்பல் ஏறியது. 408 ஆம் ஆண்டில் உரோமை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் தலைவன், விலகிப் போவதற்குக் கேட்ட பொருள்களில் 3,000 பவுண்டு மிளகும் ஒன்று. நம் மனைவியிடம் இதைச் சொன்னோம். "அப்போதே அளவாகக் கேட்கத் தெரிந்திருக்கிறதே," என்றார்.

முதலில் ரொட்டி வந்தது. கூடவே தக்காளியை நறுக்கி, மேலே பச்சிலை தூவிய சிறு தட்டு ஒன்றும் வந்தது. நம் மனைவி இலையைக் கிள்ளி முகர்ந்தார். முகம் மாறியது. "இது திருநீற்றுப்பச்சை அல்லவா? எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் நிற்கும். காதுவலிக்குப் பிழிந்து விடுவார்கள்." அவர் சொன்னது சரியே. இத்தாலியர் பாசிலிகோ என்று கொண்டாடும் இலையும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம். துளசிக்கு நெருங்கிய உறவு. நாம் காதில் விட்டதை அவர்கள் வாயில் போட்டுக்கொண்டார்கள். தக்காளியோ அவர்களுக்கும் சொந்தமன்று, நமக்கும் சொந்தமன்று. அமெரிக்காவிலிருந்து 16 ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்தது. பொன் ஆப்பிள் என்று பொருள்படும்படி பொமொதோரோ என்று பெயர் வைத்தார்கள்.

தண்ணீர் கண்ணாடிக் குப்பியில் வந்தது. நம் மனைவி தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தார். பக்கத்து மேசைப் பெண்மணி ஒருவர் வியப்புடன் திரும்பிப் பார்த்தார். நம் மனைவிக்குக் கூச்சம் வந்துவிட்டது. நாம் அப்போது மார்க்கோ போலோவின் கதையைச் சொன்னோம். வெனிஸ் நகரத்தவராகிய அவர் 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்தார். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்தார். இந்நாட்டார் வலக்கையால் மட்டுமே உண்பார்கள், பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் நீர் அருந்துவார்கள் என்பதையும் ஓர் ஒழுக்கமாகவே அவர் குறித்திருக்கிறார். இதைக் கேட்டதும் அவர் மறுபடியும் குப்பியை எடுத்து, முன்னைவிட ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்தார்.

அடுத்து வந்தது ரிபொல்லீத்தா என்னும் சாறு. மறுபடி கொதித்தது என்பது அச்சொல்லின் பொருள். தொஸ்கானா நாட்டுக் குடியானவர்கள், முதல் நாள் மிஞ்சிய காய்கறியும் அவரைப் பயறும் சேர்ந்த சாற்றில் காய்ந்த ரொட்டியைப் போட்டு, மறுநாள் சுண்டக் காய்ச்சி உண்டது இது. எதையும் கொட்டக் கூடாது என்ற ஏழைமையில் பிறந்தது. நம் மனைவி இரண்டு கரண்டி உண்டார். "இது பழங்கறி!" என்றார். ஐயமே இல்லை. பொங்கலுக்கு மறுநாள் நெல்லைப் பக்கத்தில் எல்லாக் குழம்பையும் கூட்டையும் ஒரே சட்டியில் ஊற்றிச் சுண்ட வைப்போமே, அதே மணம், அதே குழைவு. "பழங்கறி 480 ரூபாயா?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. அதற்கு நம்மிடம் விடையில்லை. நம் தந்தையார் பழைய சோற்றைப் பிறர் காணாதபடி கதவைச் சாத்திவிட்டு உண்ட காலம் நமக்கு நினைவிருக்கிறது. வெளியூர்க்காரர் வந்தால் தூக்குச் சட்டியை மூடி வைப்பார். இத்தாலியர் தம் பழைய சோற்றுக்கு வெட்கப்படவில்லை. வெட்கப்படாததனால் அது கடல் தாண்டி விலை போகிறது என்று சொல்லலாம். ஆனால் அதை ஆக்கிய கிழவியின் கைக்கு அந்த விலை போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை.

தொஸ்கானா என்றதும் நினைவுக்கு வருபவர் தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தெ நோபிலி. அந்நாட்டு மொந்தெபுல்சியானோவைச் சேர்ந்த பிரபுக் குடும்பத்தவர். 1606 இல் மதுரைக்கு வந்து, புலாலை விட்டு, நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் உண்டு, தமிழ் கற்றுத் தமிழில் நூல் எழுதினார். 1656 இல் மயிலாப்பூரில் உயிர் நீத்தார். முதல் நாள் மதுரையில் இலை முன் உட்கார்ந்த அந்த இளைஞர், ரசத்தை எப்பக்கம் அணை கட்டுவது என்று எவ்வளவு திண்டாடியிருப்பார்! முள்கரண்டியில் ஸ்பகெத்தியைச் சுற்ற முயன்று தோற்றபோது நமக்கு அவர்மேல் மிகுந்த அன்பு உண்டாயிற்று.

ஸ்பகெத்தி என்பது டூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையைப் பிசைந்து அச்சில் பிழிந்து உலர்த்திய நூல். இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தமையன் எனலாம். ஆனால் நாம் குழைய வேக வைப்போம். அவர்கள் பல்லில் சற்று எதிர்க்கும்படி இறக்கிவிடுவார்கள். "வேகவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம், அதுதான் பக்குவம். கரண்டியில் இரண்டு மூன்று இழை மட்டும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஊன்றிச் சுற்ற வேண்டும். நம் மனைவி நான்கு முறை முயன்றுவிட்டு, "கையால் எடுத்தால் வெளியே போகச் சொல்வார்களா?" என்று கேட்டார். 19 ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் தெருக்களில் ஏழைகள் தலையை அண்ணாந்து கையாலேயே இதை வாயில் இறக்கியதைக் காட்டும் படங்களும் புகைப்படங்களும் ஏராளம். அதைச் சொன்னோம். பின்பு இருவரும் விளக்கு மங்கலாயிருந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டு கையாலேயே முடித்தோம்.

ரிசொத்தோ என்னும் அரிசிப் பண்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போ ஆற்றுச் சமவெளியில் விளையும் குண்டரிசியை, காய்ச்சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிண்டிக்கொண்டே வேகவைப்பது. காளான் போட்ட பொங்கல். உப்புக் குறைவு.

அது மேசைக்கு வந்தபோதுதான் நம் மனைவி, தட்டைப் பார்த்தபடியே, "நாங்கள் ஊருக்குப் போகப் போவதில்லை," என்றார்.

வாசகர்களுக்கு விளக்க வேண்டும். வரும் ஜூன் மாதம் முதல் மனைவியையும் பிள்ளைகளையும் திருநெல்வேலிப் பக்கத்தில் நம் தமையனார் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பது என்று நாம் முடிவு செய்திருந்தோம். செலவு குறையும், பிள்ளைகள் தமிழ் படிப்பார்கள், நாலு காசு சேரும். தந்தையாரிடமும் தமையனாரிடமும் கலந்து பேசினோம். மே மாதத்து வண்டியில் மூன்று படுக்கை இடங்களுக்கும் பதிவு செய்துவிட்டோம். மனைவியிடம் கலந்து பேசினோமா? தெரிவித்தோம். அவர் "சரி" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நமக்குக் கோபம் வந்தது; மறைப்பானேன்? ஆனால் அந்த இடத்தில் குரலை உயர்த்த முடியாது. எழுந்து தெருவுக்குப் போகவும் முடியாது. பரிசுச் சீட்டு மேசையில் இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார், நாம் செய்தித்தாளை விரித்துக்கொள்வோம். தந்தையார் பரணுக்குக் கீழே இருமுவார். பேச்சு அத்துடன் முடியும். இங்கே திரும்ப அடுப்பும் இல்லை, விரிக்கத் தாளும் இல்லை. நடுவில் ஒரு மெழுகுவர்த்திதான்.

அவர் சொன்னார். அவருடைய தகப்பனாரும் இதே மும்பையில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஆண்டுக்கு ஒருமுறை கோயில் கொடைக்குப் பத்து நாள் ஊருக்கு வருவார். பெட்டி நிறையப் பொருள் வரும். நம் மனைவிக்கு ஆறு வயதாயிருந்தபோது, வாசலில் வந்து நின்ற அவரைக் கண்டு உள்ளே ஓடிப்போய், "அம்மா, யாரோ பம்பாய் மாமா வந்திருக்கிறார்," என்று சொல்லிவிட்டாராம். வாசலில் நின்றவர் காதிலும் அது விழுந்ததாம். அவர் அன்று இரவு உண்ணவில்லை. இப்போது அவர் இல்லை. இந்தக் கதையைப் பத்தாண்டுகளில் நாம் கேட்டதில்லை. கேட்கும்படியான ஓர் இடத்தில் நாம் அவரை உட்கார வைத்ததும் இல்லை.

நாம் விடவில்லை. மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லையே, அதற்கு என்ன வழி என்று கேட்டோம்.

"தமிழை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். மாதம் தவறாமல் பத்திரிகைக்கு எழுத நேரம் இருக்கிறதே! அப்பாவை யார் சொல்லிக்கொடுப்பது?"

பிறகு கணக்குக்கு வந்தார். நம்மைவிட நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆயத்த ஆடை தைக்கும் பட்டறை ஒன்றிலிருந்து பொத்தான் வைக்கும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து செய்ய, இரண்டு மாதத்துக்கு முன்பே பேசி முடித்திருக்கிறார். தமையனார் வீட்டுக்கு நாம் அனுப்ப வேண்டிய தொகை, வண்டிச் செலவு, இங்கே நாம் ஓட்டலில் உண்ணும் செலவு எல்லாம் கழித்தால், ஊருக்கு அனுப்புவதால் மாதம் மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம்தான் என்றார். விரலை மடக்கிக் காட்டினார். பதினைந்து ஆண்டு கோப்பு பார்த்தவன் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முயன்றான். கிடைக்கவில்லை.

மரீன் டிரைவ் கற்களிலும் பாந்திராக் கடலோரத்திலும் மாலை வேளைகளில் இணை இணையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து நாம் இப்பகுதியில் முன்பு கேலியாக எழுதியதுண்டு. அவர்களில் மணமான தம்பதிகள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும். ஓர் அறையில் ஆறு பேர் வாழும் ஊரில், கணவனும் மனைவியும் நாலு வார்த்தை பேசுவதற்குக் கடலோரக் கல்தான் இலவசம். அந்தக் கேலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இந்த உணவகம் விற்பது பழங்கறியை அன்று. பின்னால் யாரும் வந்து நிற்காத ஒரு மேசையை, இரண்டு மணி நேரத்துக்கு.

சீட்டு வந்தது. சாறு 480, ஸ்பகெத்தி 690, ரிசொத்தோ 750, தண்ணீர்க் குப்பி 110. ஆக 2,030 ரூபாய். (சாதாரணக் குடிநீர் கேட்டிருந்தால் 110 மிச்சமாகியிருக்கும். கேட்கலாம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.) அதன்மேல் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் 203 ரூபாய் சேர்த்திருந்தார்கள். அன்பர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்: சேவைக் கட்டணத்தைச் சீட்டில் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது, 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. பணிவாகச் சொன்னோம். மறுபேச்சின்றி நீக்கினார்கள். நூற்றுக்கு ஐந்து வரி சேர்த்து 2,131 ரூபாய் 50 காசு. பரிசுச் சீட்டு போகக் கையிலிருந்து 132 ரூபாய். கட்வால் இளைஞர் கையில் 50 ரூபாய் கொடுத்தோம். அவர் ஊருக்குப் போய் எவ்வளவு நாளாயிற்று என்று நம் மனைவி விசாரித்தார். இரண்டு ஆண்டு என்றார். குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு, நடக்கத் தொடங்கிவிட்டதாம், கைபேசியில் பார்த்தாராம்.

வீட்டுக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். தந்தையார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாப்பிட்டாய், தாயி?" என்று மருமகளைக் கேட்டார்.

"பழங்கறி, மாமா."

"அதற்கா வண்டியேறிப் போனீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே படுத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் முதல் வேலையாக மே மாதத்து வண்டியில் அந்த மூன்று இடங்களையும் இரத்துச் செய்தோம். மாலையில் மகளை அழைத்துக்கொண்டு தாராவிக் கடையொன்றில் இரட்டைக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினோம். அன்றே பாடம் தொடங்கினோம். 'ழ' இன்னும் வரவில்லை. தந்தையாரிடம் ஊருக்குப் போவது நின்றுவிட்டது என்பதை இன்னும் சொல்லவில்லை. இந்த இதழை அவர் படிப்பார்.